ஒரே இன்ஜின், இரண்டு ஹேண்டில்பார்: ஏற்காட்டு மலைப்பாதைக்கு ஆர்15-ஆ, எம்டி-15-ஆ?

யமஹா ஆர்15 வி4, எம்டி-15 வி2 இரண்டையும் ஒரே நாளில் ஓட்டிப் பார்ப்பவர்கள் குழம்பித்தான் போகிறார்கள். இழுவை ஒன்றுபோல் இருக்கிறது, கியர் விழும் விதம் ஒன்றுபோல் இருக்கிறது, சத்தமும் ஏறக்குறைய அதேதான். வண்டியை விட்டு இறங்கியபின் மணிக்கட்டுக்கும் முதுகுக்கும்தான் வித்தியாசம் தெரிகிறது.

இதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. இரண்டிலும் இருப்பது தண்ணீரால் குளிரும் அதே 155 சிசி ஒற்றை சிலிண்டர் இன்ஜின். 10,000 ஆர்பிஎம்மில் 18.4 பிஎஸ், ஆறு கியர், ஸ்லிப்பர் கிளட்ச், டெல்டாபாக்ஸ் சட்டகம், முன்சக்கரத்தைத் தாங்கும் 37 மில்லிமீட்டர் தலைகீழ் ஃபோர்க், முன்னால் 282 மில்லிமீட்டர் டிஸ்க். டயர் அளவும் ஒன்று: முன்னால் 100/80-17, பின்னால் 140/70-17. எடை இரண்டுக்கும் 140 கிலோவை ஒட்டித்தான். சீட் உயரம் ஆர்15-ல் 815 மில்லிமீட்டர், எம்டியில் 810. மாறுவது கை எங்கே நிற்கிறது, நெஞ்சுக்கு முன்னால் காற்றைத் தடுக்கும் பிளாஸ்டிக் உறையான ஃபேரிங் இருக்கிறதா இல்லையா என்ற இரண்டு விஷயங்கள்தான். ஃபேரிங் போட்ட ஸ்போர்ட்ஸ் பைக்கையும் (ஆர்15) அது இல்லாத நேக்கட் பைக்கையும் (எம்டி) ஒப்பிட இதைவிட நேர்மையான ஜோடி கிடைக்காது. இன்ஜினே வேறாக இருந்தால் எதைப் பாராட்டுகிறோம், எதைக் குறை சொல்கிறோம் என்பது நமக்கே பிடிபடாது.

எங்கள் தீர்ப்பை முன்பே சொல்லிவிடுகிறோம். சேலத்தில் குடியிருந்து, ஊருக்குள் தினமும் ஓட்டி, மாதத்தில் ஒன்றிரண்டு முறை மலை ஏறுபவருக்கு எம்டி. வாராவாரம் ஓமலூர், தொப்பூர் வழியாக பெங்களூருக்குப் போய் வருபவருக்கு ஆர்15. இந்த முடிவுக்கு வர எங்களுக்கு ஏற்றம் அவ்வளவாக உதவவில்லை. இறக்கம்தான் முடிவைச் சொன்னது.

ஏறுவதற்கு எவ்வளவு சக்தி வேண்டும்?

சேலம் கடல்மட்டத்திலிருந்து 280 மீட்டரை ஒட்டி இருக்கிறது, ஏற்காடு 1,500 மீட்டரை ஒட்டி. இடையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். "155 சிசி மலைக்குத் தாங்குமா?" என்று கேட்பவர்கள் ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வண்டி 140 கிலோ, ஓட்டுபவர் 75, பின்னால் இருப்பவர் 60. மொத்தம் 275 கிலோ. நூறு மீட்டருக்குப் பத்து மீட்டர் ஏறும் சாய்வில் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் போக, எடையைத் தூக்க மட்டும் சுமார் நான்கு குதிரைத்திறன் போதும். காற்று, டயர் உராய்வு எல்லாம் சேர்த்தால் ஐந்தரைக்குப் பக்கம். இன்ஜினிடம் இருப்பது 18. மலை உச்சியில் காற்றின் அடர்த்தி சேலத்தைவிடப் பத்தில் ஒரு பங்கு குறையும், அந்த அளவுக்குச் சக்தியும் குறையும். குறைந்தாலும் மிச்சம் ஏராளம்.

ஆனாலும் பலர் வளைவில் திணறுகிறார்களே, ஏன்? உச்ச டார்க், அதாவது இன்ஜினின் முழு இழுவிசை, 7,500 ஆர்பிஎம்மில்தான் வருகிறது. வால்வு திறப்பை மாற்றும் விவிஏ அமைப்பு விழித்துக்கொள்வது 7,400-ல். கொண்டை ஊசி வளைவைத் தாண்டும்போது வேகம் 15 கிலோமீட்டரை ஒட்டித்தான் இருக்கும். இரண்டாவது கியரில் அந்த வேகத்தில் இன்ஜின் 3,000 ஆர்பிஎம்முக்குக் கீழே கிடக்கும், முக்கி முனகும், உதறும். உதறியதும் கை தானாகக் கிளட்சைப் பிடிக்கும். பிடித்த மறுகணம் வேகம் செத்துவிடும். முதல் கியருக்கு வளைவுக்கு முன்பே, வண்டி நேராக இருக்கும்போதே இறங்கிவிட வேண்டும். முதல் கியரில் வளைவதைக் கௌரவக் குறைச்சலாக நினைப்பவர்கள்தான் இங்கே அதிகம் விழுகிறார்கள். இதில் ஆர்15, எம்டி என்ற பேதமே இல்லை.

பேதம் தொடங்குவது இடப்பக்க வளைவுகளில். நாம் சாலையின் இடப்புறம் ஓட்டுவதால், ஏறும்போது இடது பக்கம் திரும்பும் வளைவில் நமக்குக் கிடைப்பது உள்வட்டம். ஆரம் மிகக் குறைவு, சாய்வு மிக அதிகம், ஹேண்டில்பார் ஏறக்குறைய முழு லாக் வரை, அதாவது அதற்குமேல் திரும்பாத எல்லை வரை, திரும்பும். எம்டியின் அகலமான பாரில் வலது கையை லேசாகத் தள்ளினால் போதும், முன்சக்கரம் திரும்பிவிடும். உடம்பு நிமிர்ந்தே இருப்பதால் தலையைத் திருப்பி வளைவின் முடிவைப் பார்க்க முடிகிறது. ஆர்15-ல் இருப்பது ஃபோர்க்கின் இரு குழாய்களிலும் தனித்தனியாகப் பிடிக்கும் கிளிப்-ஆன் பார்; குறுகலானது, தாழ்வானது. முழு லாக்கில் இடது கை டேங்கை ஒட்டி வந்துவிடும், வலது முழங்கை நீண்டு விறைக்கும். விறைத்த கையில் ஆக்சிலேட்டரை நூல் பிடித்தாற்போல் வைத்திருப்பது கஷ்டம். குனிந்த கழுத்தைப் பக்கவாட்டில் திருப்புவதும் கஷ்டம். அதனால் கண் முன்சக்கரத்துக்குப் பக்கத்திலேயே தங்கிவிடுகிறது. கண் பார்க்கும் இடத்துக்குத்தானே வண்டியும் போகும்.

ஆர்15-ல் இதற்கு வழி உண்டு. வளைவுக்கு முன் இடுப்பைச் சற்றுப் பின்னால் தள்ளி, மேல் உடம்பைத் தூக்கி, முழங்கையை மடித்து வைத்துக்கொள்ள வேண்டும். எடையை வலது ஃபுட்பெக்கில் போட வேண்டும். பின் பிரேக்கை மிக லேசாக மிதித்தபடி ஆக்சிலேட்டரைச் சீராக வைத்தால் வண்டி குலுங்காது. பழகினால் வந்துவிடும். எம்டியில் இதையெல்லாம் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை என்பதுதான் விஷயம்.

வளைவின் நடுவில் நிற்க நேர்ந்தால் என்ன ஆகும் என்பதையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். இடது வளைவில் சாலை இடப்பக்கம் தாழ்ந்திருக்கும். பழக்கதோஷத்தில் இடது காலை ஊன்றப் போனால் தரை எட்டாது. 815 மில்லிமீட்டர் சீட்டும் சாலையின் சரிவும் சேர்ந்து, கால் தரையைத் தொடும்போது வண்டி தாங்க முடியாத அளவுக்குச் சாய்ந்திருக்கும். மேடான பக்கமாகிய வலது காலை ஊன்றினால் பின் பிரேக் போய்விடும். முன் பிரேக்கைப் பிடித்தபடியே அதே கையால் ஆக்சிலேட்டரும் முறுக்கிக் கிளம்ப வேண்டும். இந்தச் சர்க்கஸ் வேண்டாம் என்றால், மேலிருந்து பஸ் இறங்கும் சத்தம் கேட்டதும் வளைவுக்குக் கீழேயே, நேரான பகுதியில் நின்றுவிடுங்கள். ஏறும் வண்டிக்குத்தான் வழிவிட வேண்டும் என்கிறது விதி. ஆனால் அரசுப் பேருந்து அந்த வளைவில் திரும்பச் சாலையின் முழு அகலமும் வேண்டும். அங்கே விதி பேசி வெல்ல முடியாது.

இறக்கம்தான் பரீட்சை

சுமார் 1,200 மீட்டர் உயரத்தை ஏறியது இன்ஜின். அந்த உயரத்தை இறங்கும்போது கரைக்க வேண்டியவை பிரேக்கும் இன்ஜின் இழுப்பும் உங்கள் உடம்பும்.

உடம்பு எங்கே வந்தது? மனித எடையில் தலை, கை, நெஞ்சு, வயிறு எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு. 75 கிலோ ஆளுக்கு 50 கிலோ. பிரேக் பிடிக்கும் ஒவ்வொரு முறையும் இந்த 50 கிலோ முன்னால் சரியப் பார்க்கும். நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும் எம்டியில் தொடையும் இடுப்பும் பெரும்பகுதியைத் தாங்கிக்கொள்ளும். ஆர்15-ல் உடம்பு ஏற்கெனவே முன்னால் குனிந்திருக்கிறது, மலைச்சரிவு அதை இன்னும் குனியவைக்கிறது, அதன்மேல் பிரேக். மொத்தமும் உள்ளங்கையில் போய் உட்காரும். பாதி வளைவுகள் இறங்குவதற்குள் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் மரத்துப்போகத் தொடங்கும். வலி வேறு விஷயம், பொறுத்துக்கொள்ளலாம். மரத்த விரலால் பிரேக் லீவரை அளந்து பிடிக்க முடியாது என்பதுதான் ஆபத்து. பிடித்தால் முரட்டுப் பிடி, இல்லையென்றால் தயக்கப் பிடி.

ஆர்15 வைத்திருப்பவர் செய்ய வேண்டியது: முழங்காலால் டேங்கை இறுக்கிக்கொள்வது. கை ஹேண்டிலைத் தொட்டுக்கொண்டு மட்டும் இருக்க வேண்டும், தாங்கக் கூடாது. சரியாகச் செய்கிறீர்களா என்று பார்க்க எளிய சோதனை உண்டு. நேரான இறக்கத்தில் லேசாகப் பிரேக் பிடித்தபடி இரண்டு முழங்கையையும் மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். ஆடவில்லை என்றால் எடை முழுக்கக் கையில் இருக்கிறது. ஜீன்ஸ் துணி பெயின்ட் மேல் வழுக்கும். டேங்கின் இருபுறமும் சொரசொரப்பான ரப்பர் ஒட்டு வாங்கி ஒட்டினால் பிடிமானம் கிடைக்கும். பிரேக், கிளட்ச் லீவர்களின் கோணத்தையும் மாற்றச் சொல்லுங்கள். குனிந்த நிலையில் முன்கையும் விரல்களும் ஒரே கோட்டில் வர வேண்டும். கடையில் வரும் கோணம் எல்லோருக்கும் பொருந்தாது, மாற்ற ஐந்து நிமிடம்கூட ஆகாது.

பிரேக் பிடிக்கும் முறை இரண்டு வண்டிக்கும் ஒன்றுதான். ஏறும்போது எந்த கியரோ இறங்கும்போதும் அதே கியர். பெரும்பாலும் இரண்டாவதும் மூன்றாவதும். 11.6:1 கம்ப்ரஷன் உள்ள இன்ஜின் என்பதால் ஆக்சிலேட்டரை விட்டாலே நல்ல இழுப்பு கிடைக்கும். கியரைக் குறைக்கும்போது பின்சக்கரம் துள்ளாமல் ஸ்லிப்பர் கிளட்ச் பார்த்துக்கொள்ளும். ஆர்15-ன் சில வகைகளில் வரும், கிளட்ச் பிடிக்காமலே கியர் மாற்ற உதவும் க்விக் ஷிஃப்டர் கியரை ஏற்ற மட்டும்தான். இறக்கத்தில் அதனால் பயனில்லை. பிரேக்கை இரண்டு மூன்று விநாடி நன்றாகப் பிடித்து, வேகத்தைக் கொன்று, முழுமையாக விட்டுவிட வேண்டும். வழிநெடுக லேசாக மிதித்துக்கொண்டே வருவதுதான் டிஸ்க்கைச் சூடேற்றும். பின்னால் ஆள் இருந்தால் கரைக்க வேண்டிய ஆற்றல் கால் பங்குக்கு மேல் கூடிவிடும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

பிரேக் ஆயில் டாட் 4 என்ற தரம். புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சியபின் அந்த வரம்பு 155 டிகிரி வரை இறங்கிவிடக்கூடும். கொதித்தால் குழாயில் குமிழி வரும், லீவர் பஞ்சுபோல் கைக்குள் வந்துவிடும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்வது இதற்காகத்தான். ஊருக்குள் மட்டும் ஓட்டுபவர் தள்ளிப்போட்டால் தப்பிக்கலாம், மலை இறங்குபவர் தள்ளிப்போடக் கூடாது. பழைய வண்டி வாங்கியவர் முதல் மலைப் பயணத்துக்கு முன் மாற்றிவிடுவது நல்லது.

இறங்கும்போது உள்வட்டத்து வளைவுகளில் தரையையும் பாருங்கள். நிரம்பிய டேங்கிலிருந்து பஸ்ஸும் லாரியும் சிந்திய டீசல், மழைக்குப் பின் எஸ்டேட் பக்கமிருந்து வழிந்த செம்மண், ஈர இலை, குரங்குக்குப் போட்ட பழத்தோல், எல்லாம் அங்கேதான் சேரும். திடீரென்று கோடு மாற்ற வேண்டியிருந்தால் அகலமான பார் உதவும். குப்பனூர், கொட்டச்சேடு வழியில் இறங்குபவர்களுக்கு இது இன்னும் பொருந்தும். அந்தப் பாதை அடிவாரம் வழியைவிடக் குறுகல்.

இரவில் ஒரு வித்தியாசம் உண்டு. ஷோரூமில் யாரும் இதைச் சொல்வதில்லை. எம்டியின் ஹெட்லைட் ஃபோர்க்கோடு சேர்ந்தது. ஹேண்டிலைத் திருப்பினால் வெளிச்சமும் திரும்பும். ஆர்15-ன் ஹெட்லைட் ஃபேரிங்கோடு சேர்ந்து அசையாமல் நிற்கிறது. கொண்டை ஊசி வளைவில் வண்டி திரும்பி முடிக்கும்வரை வெளிச்சம் எதிரே இருக்கும் பாறை மேலோ பள்ளத்தின் மேலோதான் விழும். நீங்கள் போக வேண்டிய இடம் இருட்டாகவே இருக்கும். நேர்ச் சாலையில் ஆர்15 விளக்குக்குக் குறை சொல்ல முடியாது. வளைவில் மட்டும்தான் இந்தக் கோளாறு. அது வடிவமைப்பிலேயே இருப்பதால் பல்பு மாற்றியோ கூடுதல் விளக்கு கட்டியோ முழுக்கத் தீராது. மார்கழிப் பனியில் மேலே தங்கிவிட்டு இருட்டியபின் இறங்கும் பழக்கம் உள்ளவர்கள் இதை மட்டும் வைத்தே எம்டியைத் தேர்ந்தெடுத்தால் தப்பில்லை. பனியில் ஹைபீம் போடாதீர்கள், எந்த வண்டியானாலும். வெள்ளைச் சுவர்தான் தெரியும்.

ஊருக்குள்ளும் நெடுஞ்சாலையிலும்

ஊருக்குள் அதிகம் யோசிக்க ஒன்றுமில்லை. ஐந்து ரோடு சிக்னலில் நின்று நின்று நகர்வதும், செவ்வாய்ப்பேட்டை லீ பஜாரில் தள்ளுவண்டிக்கும் லோடு ஆட்டோவுக்கும் இடையில் நுழைவதும் எம்டிக்குத்தான் சுலபம். ஆர்15-ன் கண்ணாடிகள் ஃபேரிங்கில் நீட்டிக்கொண்டு நிற்கும். ஹேண்டில் நுழைந்த சந்தில் கண்ணாடி இடிக்கும். சித்திரை வெயிலில் ரேடியேட்டர் ஃபேன் ஓடத் தொடங்கினால் ஃபேரிங் அந்தச் சூட்டைக் கால் பக்கம் திருப்பிவிடும். எம்டியில் நாலாபக்கமும் கலைந்துவிடும். வீட்டு வாசலில் வண்டியைத் திருப்பித் தள்ளி நிறுத்துவதுகூட ஆர்15-ல் ஒரு முறைக்கு இரண்டு முறை முன்பின் நகர்த்தும் வேலைதான்.

தேசிய நெடுஞ்சாலை 44-ல் ஏறியதும் நிலைமை தலைகீழ். காற்று தள்ளும் விசை வேகத்தின் இருமடிப் பெருக்கமாக ஏறுகிறது. 60-ல் நெஞ்சில் பட்ட காற்று 100-ல் ஏறக்குறைய மூன்று மடங்கு விசையோடு தள்ளும். எம்டியில் 85-ஐத் தாண்டியதும் தோளும் கழுத்தும் உழைக்கத் தொடங்குகின்றன. காற்றுக்கு எதிராக ஹேண்டிலைப் பிடித்துத் தொங்குவதுபோல் ஆகிவிடும். ஆர்15-ல் கொஞ்சம் குனிந்தால் காற்று ஹெல்மெட்டின் மேல் பகுதியைத் தொட்டுக்கொண்டு போய்விடும். இந்த வேகத்தில் நெஞ்சைத் தள்ளும் காற்றே உடம்பைக் கொஞ்சம் தாங்குவதால் மணிக்கட்டுச் சுமையும் குறையும். மலையில் வில்லனாக இருந்த அதே அமர்வு இங்கே நண்பன்.

ஒரே ஒரு எச்சரிக்கை. தொப்பூர் கணவாயில் பெரிய லாரிகளை ஒட்டிக் கடக்கும்போது பக்கக் காற்று அடிக்கும். 140 கிலோ வண்டியில் ஃபேரிங் பாய்மரமாக வேலை செய்யும், ஆர்15 அரை அடி தள்ளப்படும். லாரிக்கும் உங்களுக்கும் நடுவில் இடம் விட்டே கடக்க வேண்டும். அங்கே இறங்கும் கனரக வண்டிகளுக்குப் பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போவது வாடிக்கை. அவற்றுக்கு முன்னால் நிற்பதும் பின்னால் ஒட்டுவதும் இரண்டுமே வேண்டாம்.

டேங்க் ஆர்15-ல் 11 லிட்டர், எம்டியில் 10. லிட்டருக்கு 40 கிலோமீட்டர் என்று குறைத்தே பிடித்தாலும் 440, 400 என்று வரும். பெங்களூர் ஒருவழி சுமார் 200 கிலோமீட்டர். ஆர்15-ல் போய் வந்துவிடலாம், எம்டியில் வரும் வழியில் ஒருமுறை பங்க் பார்க்க வேண்டியிருக்கும்.

பின்சீட் பற்றி: இரண்டுமே குடும்ப வண்டி இல்லை. சேலை கட்டியவர் ஒருபக்கமாக உட்கார்ந்து வர ஆர்15-ல் வழியே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். எம்டியில் கொஞ்சதூரம் சமாளிக்கலாம். மலை இறக்கத்தில் ஆர்15-ன் உயரமான பின்சீட்டிலிருந்து வருபவரின் எடையும் ஓட்டுபவரின் முதுகில் சரியும், அதாவது கடைசியில் அதே மணிக்கட்டில். வாரம் நாலு நாள் யாரையாவது ஏற்றிக்கொண்டு போக வேண்டியவர் இந்தக் கட்டுரையை மூடிவிட்டு வேறு வண்டி பார்ப்பது நல்லது.

விழுந்தால் என்ன செலவு?

மலையில் வண்டி சரிவது பெரும்பாலும் நிற்கும் வேகத்தில்தான். எம்டி சரிந்தால் லீவர், பார் முனை, ஃபுட்பெக், இன்டிகேட்டர், அதிகபட்சம் டேங்கின் பக்கத்து பிளாஸ்டிக். ஆர்15 சரிந்தால் இவற்றோடு ஃபேரிங்கும் சேரும். கீறல் மட்டும் என்றால் மனசைத் தேற்றிக்கொள்ளலாம். உள்பக்கம் போல்ட் பிடிக்கும் பிளாஸ்டிக் காது உடைந்துவிட்டால் முழுப் பேனலும் மாற்ற வேண்டும், அல்லது காலம் முழுக்க கடகட சத்தத்தோடு ஓட்ட வேண்டும்.

இன்ஷூரன்ஸில் ஒரு பொடி வைத்திருக்கிறார்கள். சாதாரண முழுக் காப்பீட்டில் பிளாஸ்டிக், ரப்பர், நைலான் பாகங்களுக்கும் டயர், பேட்டரிக்கும் 50 சதவீதம் தேய்மானம் கழித்துத்தான் பணம் தருவார்கள். ஃபேரிங் முழுக்க பிளாஸ்டிக். புது வண்டியாக இருந்தாலும் பாதி உங்கள் பையிலிருந்துதான். எனவே ஆர்15 எடுப்பவர் தேய்மானம் கழிக்காத ஸீரோ டெப்ரிசியேஷன் சேர்ப்பது கட்டாயம்போல்தான். எம்டிக்கு அது விருப்பம். சின்னக் கீறலுக்கெல்லாம் க்ளெய்ம் போடாதீர்கள். க்ளெய்ம் இல்லாமல் முதல் வருடம் முடித்தால் சொந்தச் சேதப் பிரீமியத்தில் 20 சதவீதம் தள்ளுபடி, அடுத்தடுத்து ஏறி ஐந்தாம் வருடம் 50 சதவீதம் வரை. ஒரு க்ளெய்ம் போட்டால் மறுபடி பூஜ்ஜியம். மூன்றாம் நபர் காப்பீட்டில் வித்தியாசம் கிடையாது. 150 சிசிக்கு மேல் 350 வரை ஒரே அடுக்கு.

சர்வீஸில் பாகங்கள் ஒன்றே என்றாலும் ஃபேரிங் கழற்றி மாட்டும் நேரம் ஆர்15-க்குக் கூடுதல். அவசரத்தில் கழற்றும் கைகள்தான் அந்தக் காதுகளை உடைக்கின்றன. வண்டியை எடுக்கும்போது எல்லா போல்ட்டும் ஒரே மாதிரி இருக்கிறதா, பேனல் இடைவெளி இருபுறமும் சமமா என்று நின்று பார்த்து வாங்குங்கள். செயினுக்கு மட்டும் இரண்டு வண்டிக்கும் ஒரே வைத்தியம்: 500 கிலோமீட்டருக்கு ஒருமுறை துடைத்து எண்ணெய், மழையில் மலை ஏறி வந்தால் அன்றைக்கே.

ஆர்15-ல் பாரை உயர்த்தி, எம்டியில் காற்றைத் தடுக்கும் முன்கண்ணாடி மாட்டி நடுவழி கண்டுபிடிக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. ஆர்15-க்கு கிளிப்-ஆன் உயர்த்தி விற்கிறார்கள். மாட்டியதும் முழு லாக்கில் இருபுறமும் திருப்பிப் பாருங்கள். பிரேக் ஹோஸ் இழுபடும், கிளட்ச் கேபிள் விறைக்கும், மாஸ்டர் சிலிண்டர் ஃபேரிங்கில் இடிக்கும். மூன்றில் ஒன்று நடந்தாலும் கழற்றிவிட வேண்டும்; கொண்டை ஊசி வளைவில் கிளட்ச் தானாகப் பிடித்துக்கொண்டால் விளைவு உங்களுக்கே தெரியும். எம்டிக்கு சின்ன முன்கண்ணாடி மாட்டுவதில் இந்த ஆபத்தெல்லாம் இல்லை. ஆனால் நெஞ்சுக் காற்று கொஞ்சம் குறையும், அவ்வளவுதான்.

ஓட்டிப் பார்ப்பது எப்படி

ஷோரூமைச் சுற்றி இரண்டு கிலோமீட்டர் ஓட்டினால் ஆர்15-தான் ஜெயிக்கும். பத்து நிமிடத்தில் எந்த மணிக்கட்டும் வலிக்காது, தோற்றம் மட்டும் மனதில் நிற்கும். இரண்டையும் ஒரே நாளில், அதே ஹெல்மெட், அதே ஷூவோடு ஓட்டுங்கள். முடிந்தால் கோரிமேடு தாண்டி அடிவாரம் போய், முதல் மூன்று நான்கு வளைவு ஏறி, திரும்பி இறங்குங்கள். அதற்கு அனுமதிக்கவில்லை என்றால் ஆள் இல்லாத நேர்ச்சாலையில் 40-லிருந்து 10 கிலோமீட்டருக்குத் தொடர்ந்து பத்து முறை பிரேக் பிடித்து இறக்குங்கள். பத்தாவது முறையில் எடை உள்ளங்கையில் இருக்கிறதா தொடையில் இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு இருவழிச் சாலையில் கால் ஊன்றாமல் ஒரு யூ-டர்ன், இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று. உயரம் ஐந்தடி நான்கு அங்குலத்துக்குக் கீழே இருப்பவர்கள் சரிவான இடத்தில் நிறுத்தி, ஒரு காலை மட்டும் ஊன்றிப் பார்க்க வேண்டும். சமதளத்தில் இரண்டு முன்பாதமும் எட்டுவதைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது.

இரண்டுக்கும் நடுவில் நிற்கும் வண்டிகளும் உண்டு. சுசூகி ஜிக்ஸர் எஸ்எஃப் 250-ல் ஃபேரிங் இருக்கிறது, ஆனால் பார் ஆர்15 அளவுக்குத் தாழ்வில்லை. 26.5 பிஎஸ், 800 மில்லிமீட்டர் சீட். அதன் நேக்கட் தம்பி ஜிக்ஸர் 250-ஐவிட 5 கிலோ அதிகம், அந்த 5 கிலோ ஃபேரிங்கின் கணக்கு. மணிக்கட்டுக்கும் நெடுஞ்சாலைக்கும் சமரசம் வேண்டுமென்றால் முதலில் பார்க்க வேண்டியது இதை. காசு கூடப் போடலாம் என்பவர்களுக்கு ஓசூரில் தயாராகும் டிவிஎஸ் அப்பாச்சி ஆர்ஆர் 310, ஆர்டிஆர் 310 ஜோடி. இரண்டிலும் 312 சிசி இன்ஜின். ஆர்ஆரின் அமர்வும் ஆர்15-ஐவிட நிமிர்ந்ததுதான், ஆனால் 30 கிலோவுக்கு மேல் கூடுதல் எடையை இடது வளைவில் தாங்கிப் பிடிக்கக் காலில் பலம் வேண்டும். கேடிஎம் பக்கம் ஆர்சி 390-ஐ டியூக் 390-யோடு ஒப்பிடுவதில் இப்போது அர்த்தமில்லை. 2023-ல் டியூக்குக்கு 399 சிசி புது இன்ஜின் வந்துவிட்டது.

பழைய எம்டி-15 வாங்குபவர்கள், பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் விஷயத்தில் உஷாராக இருங்கள். 2019-ல் வந்த முதல் பதிப்பிலும், 2022-ல் வந்த இரண்டாம் பதிப்பின் தொடக்க வண்டிகளிலும் முன்சக்கரத்துக்கு மட்டும்தான் ஏபிஎஸ். இரண்டு சக்கரத்துக்கும் வந்தது 2023-லிருந்து. பின்னால் ஏபிஎஸ் இல்லாத வண்டியில் இறக்கத்தில் பின் பிரேக்கை ஓங்கி மிதித்தால் சக்கரம் பூட்டிக்கொண்டு வால் வெளியே வரும். ஆர்சி புத்தகத்தில் தயாரித்த மாதம், வருடம் பாருங்கள். சந்தேகம் இருந்தால் ஆளில்லாத காய்ந்த சாலையில், நேராகப் போகும்போது, 20 கிலோமீட்டர் வேகத்தில் பின் பிரேக்கை மட்டும் அழுத்தி மிதியுங்கள். காலுக்கடியில் டகடகவென்று துடித்தால் ஏபிஎஸ் இருக்கிறது. டயர் கீச்சென்று இழுத்துக் கோடு போட்டால் இல்லை, விலையை அதற்கேற்பப் பேசுங்கள்.